பிளாக்ஜாக்: டீலருக்கு எதிரே தனியாக உட்கார்ந்தால் வாய்ப்பு கூடுமா?

கேசினோ என்கிற சூதாட்டக் கூடத்தில் ஏழு நாற்காலி போட்ட பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசை. ஏழும் காலி. கேசினோவின் சார்பில் சீட்டுப் போடும் டீலர் மட்டும் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அங்கே போய் உட்காரலாமா, ஆள் நிறைந்த பக்கத்து மேசையில் ஒரு இடம் காலியாகும்வரை நிற்கலாமா? நாகர்கோவிலில் ரயிலேறி கொங்கண் பாதையில் கோவா போகும் நண்பர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. குளச்சல், தூத்தூர் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போய் வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறங்குகிறவர்களும் இதைக் கேட்பதுண்டு. "தனியா ஆடினா நல்ல சீட்டை வேற யாரும் தட்டிக்கிட்டுப் போக மாட்டாங்க" என்பார் ஒருவர். "தனியா மாட்டினா டீலர் உரிச்சு எடுத்திருவான்" என்பார் இன்னொருவர்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்தால், நீங்கள் தனியாக இருந்தாலும் ஏழு பேரோடு இருந்தாலும் வெல்லும் வாய்ப்பு ஒன்றுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் கையைவிட்டுப் போகும் பணம் தனியாக ஆடும்போது மூன்று மடங்குக்கு மேல் ஆகலாம். இந்த இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாகின்றன என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானே தெளியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2 முதல் 10 வரை உள்ள சீட்டுக்கு அதன் எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11, எது கைக்குப் பொருந்துமோ அது. ஆக 52 சீட்டில் 10 மதிப்புள்ளவை 16. உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் ஒரு சீட்டு திறந்திருக்கும், ஒன்று மூடியிருக்கும். 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி. தாண்டினால் பஸ்ட், பணம் போயிற்று. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு 10-ம் சேர்ந்தால் அதுதான் பிளாக்ஜாக், அதற்குக் கூடுதல் பணம் உண்டு. டீலருக்கு யோசிக்கும் வேலையே இல்லை. 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும்.

நம் ஊரில் சீட்டு என்றால் பெரும்பாலும் ரம்மிதான். ரம்மியில் பக்கத்து ஆள் என்ன இறக்குகிறார், எதை எடுக்கிறார் என்பது உங்கள் கையை நேரடியாக மாற்றும். அந்தப் பழக்கத்தோடு பிளாக்ஜாக் மேசைக்குப் போகிறவர்கள் இங்கேயும் பக்கத்து ஆளைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கே பக்கத்து ஆள் உங்களுக்குப் போட்டியாளரும் இல்லை, கூட்டாளியும் இல்லை. மேசையில் ஏழு பேர் இருந்தால் ஏழு தனித்தனி ஆட்டங்கள் ஒரே டீலரோடு நடக்கின்றன, அவ்வளவுதான்.

கேசினோவின் ஆதாயம் எங்கே ஒளிந்திருக்கிறது?

நீங்கள் முதலில் ஆட வேண்டும், டீலர் பிறகு ஆடுவார். இருவருமே பஸ்ட் ஆனால் பணம் டீலருக்கு. மொத்த ஆதாயமும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. டீலர் சுமார் 28% ஆட்டங்களில் பஸ்ட் ஆகிறார். நீங்களும் டீலரைப் போலவே 16 வரை எடுத்து 17-இல் நின்றால் உங்களுக்கும் அதே 28%. இருவரும் சேர்ந்து பஸ்ட் ஆவது 0.28 × 0.28, ஏறத்தாழ 8%. அந்த 8% கேசினோவுக்கு. பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் கூடுதல் பணம் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். மிச்சம் சுமார் 5.5% அவர்களுக்கு நிற்கும்.

இதைக் குறைக்கத்தான் அடிப்படை உத்தி. 1956-இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசெல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் ஆகிய நால்வர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, எந்தக் கைக்கு எது சரியான முடிவு என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். டீலரின் திறந்த சீட்டு 4, 5, 6 என்றால் உங்கள் கை 12-ஆக இருந்தாலும் நிறுத்துங்கள். டீலர் பஸ்ட் ஆகட்டும். டீலரிடம் 7 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் உங்கள் 12 முதல் 16 வரையான கைக்குச் சீட்டு கேளுங்கள். இரண்டு ஏஸோ இரண்டு 8-ஓ வந்தால் இரண்டு தனிக் கையாகப் பிரித்து ஆடுங்கள், இரண்டு 10 வந்தால் பிரிக்காதீர்கள். இப்படி ஒரு சிறிய அட்டவணை. அதைப் பிசகாமல் பின்பற்றினால், விதிகள் நன்றாக இருக்கும் மேசையில் கேசினோவின் ஆதாயம் 0.5% அளவுக்கு இறங்கிவிடும். அந்த அட்டவணையில் 'மேசையில் எத்தனை பேர்' என்ற கட்டமே கிடையாது. தனியாக ஆடினாலும் கூட்டத்தில் ஆடினாலும் அட்டவணை ஒன்றே.

தனியாக ஆடும்போது கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றம் உண்டு. நீங்கள் பஸ்ட் ஆனதும் டீலர் தன் சீட்டை எடுக்காமலே பணத்தை வாரிக்கொள்வார். அவரோடு மோத வேறு கை மேசையில் இல்லை. கூட்டத்தில் நீங்கள் பஸ்ட் ஆன பிறகும் மற்றவர்களுக்காக அவர் எடுத்தாக வேண்டும், சில வேளை அவரும் பஸ்ட் ஆவார். பார்ப்பதற்குத் தனியாக இருக்கும்போது டீலர் பஸ்டே ஆகாதது போலத் தோன்றும். உங்கள் பணம் இரண்டு இடத்திலும் முன்னமே போய்விட்டது.

முன்னால் இருப்பவர் நல்ல சீட்டை எடுத்துவிட்டால்?

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் கேரள லாட்டரிக் கடை உண்டு. நம் குமரி மாவட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. கடைக்காரர் கையில் ஒரு கட்டுச் சீட்டு. உங்களுக்கு முன்னால் நின்றவர் மேல் சீட்டை உருவிக்கொண்டு போகிறார். அதனால் உங்கள் வாய்ப்பு குறைந்ததா? அவர் எடுத்தது பரிசுச் சீட்டாக இருந்தால் குறைந்தது. வெறும் சீட்டாக இருந்தால் கூடியது. எது என்று தெரியாதவரை இரண்டும் சரிக்குச் சரி கழிந்துவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். நாலு சீட்டைக் கவிழ்த்து வையுங்கள்; ஒன்று ஏஸ், மூன்று வேறு. நீங்கள் முதலில் எடுத்தால் ஏஸ் வர 4-இல் 1. உங்களுக்கு முன் ஒருவர் எடுக்கிறார் என்றால், ஏஸ் அவரிடம் போகாமல் இருக்க 4-இல் 3, பிறகு மிச்சமுள்ள மூன்றில் அது உங்களுக்கு வர 3-இல் 1. இரண்டையும் பெருக்குங்கள்: 3/4 × 1/3 = 1/4. நாற்காலி மாறியது, வாய்ப்பு மாறவில்லை. முன்னால் இரண்டு பேர், மூன்று பேர் என்று கூட்டிக்கொண்டே போனாலும் விடை 1/4 தான்.

இதே தவறு கடைசி நாற்காலிக்காரர் மேல் பாயும் கோபத்திலும் இருக்கிறது. அவர்தான் டீலருக்கு முன்னால் சீட்டு எடுப்பவர். டீலரின் திறந்த சீட்டு 6, மூடிய சீட்டு 10 என்று கொள்வோம், மொத்தம் 16. கடைசி ஆள் நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு சீட்டு கேட்கிறார், 10 வந்து பஸ்ட் ஆகிறார். அடுத்த சீட்டு 5. டீலருக்கு 21. மேசை முழுவதும் தோற்கிறது, எல்லோரும் அவரை முறைக்கிறார்கள். "நீ சும்மா இருந்திருந்தா அந்த 10 டீலருக்குப் போய் அவன் பஸ்ட் ஆகியிருப்பான்!"

அந்த இரண்டு சீட்டும் சீட்டுப் பெட்டிக்குள் இருந்தபோது 10 முந்தியா 5 முந்தியா என்று யாருக்கும் தெரியாது. 10, 5 என்ற வரிசைக்கும் 5, 10 என்ற வரிசைக்கும் ஒரே அளவு வாய்ப்பு. அவர் எடுக்காவிட்டால் டீலருக்கு முதல் சீட்டு. அது 10-ஆக இருக்கப் பாதி வாய்ப்பு. அவர் எடுத்தால் டீலருக்கு இரண்டாவது சீட்டு. அதுவும் 10-ஆக இருக்கப் பாதி வாய்ப்பு. அவருடைய தவறால் கெடுவது அவருடைய பணம் மட்டுமே. அவர் தப்பாக எடுத்து மேசையையே காப்பாற்றிய ஆட்டங்களும் அதே எண்ணிக்கையில் நடந்திருக்கும். அதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

ஆக, மற்றவர்களின் தவறிலிருந்து தப்பிக்கத் தனி மேசைக்கு ஓடுவதில் பயன் இல்லை. சத்தமில்லாமல் யோசித்து ஆடலாம் என்பது வேறு விஷயம், அது நல்ல காரணம். பல கேசினோக்களில் அடிப்படை உத்தி அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆள் இல்லாத மேசையில் அதை வெட்கப்படாமல் பார்க்கலாம்.

பணம் வேகமாகப் போகும் கதை

இனிதான் உண்மையான வித்தியாசம். ஏழு பேர் இருக்கும் மேசையில் ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு 50 முதல் 60 ஆட்டம் கிடைக்கும். ஏழு பேரும் யோசிக்க வேண்டும், ஏழு பேருக்கும் சிப் கொடுக்கவோ வாரவோ வேண்டும். தனியாக உட்கார்ந்தால் டீலருக்குக் காத்திருக்க வேலையே இல்லை. 200 ஆட்டம் ஓடிவிடும். மூன்று நான்கு பேர் என்றால் 85 முதல் 105 வரை.

ஒரு ஆட்டத்துக்கு 500 ரூபாய் வைப்பதாகக் கொள்வோம். ஆதாயம் 0.5% என்றால் ஒரு ஆட்டத்தில் சராசரியாக இழப்பது 2 ரூபாய் 50 காசு. 60 ஆட்டத்துக்கு 150 ரூபாய், 200 ஆட்டத்துக்கு 500 ரூபாய். அடிப்படை உத்தி தெரியாமல் மனம் போனபடி ஆடுகிறவர்களுக்கு ஆதாயம் 2% அளவுக்கு ஏறுவது சாதாரணம். அப்போது ஒரு ஆட்டத்துக்கு 10 ரூபாய். நிறைந்த மேசையில் மணிக்கு 600, தனி மேசையில் 2,000. வைக்கும் பந்தயமும் அதே, வாய்ப்பும் அதே. சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, அதுதான் நடப்பது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் நடைமுறைக்கு ஒரு அளவு கிடைக்கும். தனியாக 20 நிமிடம் ஆடுவது, நிறைந்த மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுவதற்குச் சமம். ஒரு மணி நேரப் பொழுதுபோக்குக்கென்று பணம் ஒதுக்கியவர், தனி மேசையில் 20 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொண்டுபோன பணத்தை மூன்று மடங்காக வைத்திருக்க வேண்டும். ஆள் வந்து உட்கார்ந்தால் நல்லதுதான், முகம் சுளிக்க வேண்டாம்.

பந்தயத்தை இரண்டு இடத்தில் வைத்து இரண்டு கை ஆடுங்கள் என்று சிலர் சொல்வார்கள், 'சீட்டோட்டம் மாறும்' என்று. சீட்டோட்டம் என்று ஒன்று இல்லை. 1,000 ரூபாயை ஒரே கையில் வைப்பதற்குப் பதில் 500, 500 என்று பிரித்தால் சராசரி இழப்பு மாறாது, ஏற்ற இறக்கம் கொஞ்சம் தணியும். 500 வைத்தவர் இரண்டு இடத்திலும் 500 வைக்கத் தொடங்கினால் மேசையில் உருளும் பணம் கூடிவிடும். இழப்பும் கூடும்.

அந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால், மேலே சொன்ன கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். 'மணிக்கு 500 ரூபாய்தான் போகும்' என்று படித்துவிட்டுப் போனவர் 9,000 தோற்றுத் திரும்பினால் கணக்கே பொய் என்பார். பிளாக்ஜாக்கில் ஒரு ஆட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, பந்தயத்தைப் போல் சுமார் 1.15 மடங்கு. பல ஆட்டங்களுக்கு இது ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி வளரும். 60 ஆட்டத்துக்கு 1.15 × 7.75, சுமார் 9 பந்தயம், அதாவது 4,500 ரூபாய். 200 ஆட்டத்துக்கு 1.15 × 14.1, சுமார் 16 பந்தயம், 8,000 ரூபாய். மூன்றில் இரண்டு முறை, சராசரியிலிருந்து இந்த எல்லைக்குள் மேலேயோ கீழேயோ நிற்பீர்கள். மூன்றில் ஒரு முறை அதையும் தாண்டும்.

தனி மேசையைப் பற்றிய இரண்டு நம்பிக்கைகளும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. ஒரு மணி நேரத்தில் 8,000 அள்ளியவர் 'தனி மேசைதான் ராசி' என்று ஊரில் வந்து சொல்வார். 8,000 விட்டவர் 'டீலர் உரித்துவிட்டான்' என்பார். 200 ஆட்டம் ஓடினால் இரண்டும் சர்வசாதாரணம். சமனை விட்டுவிட்டால் ஒரு ஆட்டத்தில் தோற்பது 53% அளவில் இருப்பதால், தொடர்ந்து ஆறு முறை தோற்பதும் 200 ஆட்டத்துக்குள் எதிர்பார்க்க வேண்டியதே. தோற்கத் தோற்க இரட்டிப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000. ஆறு தோல்வியில் 31,500 ரூபாய். ஏழாவதுக்கு 32,000 வைக்க வேண்டும். பல மேசைகளில் உச்சவரம்பு அதற்கு முன்பே வந்துவிடும்.

கைபேசியில் இந்த வேகம் இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே எப்போதும் நீங்கள் தனி ஆள்தான். பணம் வைத்து இணையத்தில் ஆடுவதை 2022-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் 2025-இல் வந்த மத்தியச் சட்டமும் தடுக்கின்றன. கோவாவில் டீலர் நின்று ஆட்டும் மேசைகள் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் இருக்கின்றன.

மாறுவது உண்டு, ஆனால் பைசாக் கணக்கில்

ஆள் எண்ணிக்கையால் வாய்ப்பு ஒரு துளியும் மாறாது என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு சிறிய விதிவிலக்கு இருக்கிறது. சீட்டுக்கட்டின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, அது வந்ததும் மறுபடி கலைப்பார்கள். ஒரே கட்டு வைத்து ஆடும் மேசையில் ஆரம்பத்தில் பெரிய சீட்டுகள் வந்தால் கைகள் இரண்டு சீட்டிலேயே முடிந்துவிடும்; அட்டை வருவதற்குள் இன்னொரு ஆட்டம் கிடைக்கும். அந்தக் கூடுதல் ஆட்டம் சின்னச் சீட்டு மிஞ்சிய கட்டில் நடக்கும், அது உங்களுக்குப் பாதகம். மாறாக ஆரம்பத்தில் சின்னச் சீட்டுகள் வந்தால் ஒவ்வொரு கைக்கும் மூன்று நாலு சீட்டு செலவாகி அட்டை சீக்கிரம் வரும். பெரிய சீட்டு நிறைந்த மிச்சக் கட்டு ஆடப்படாமலே கலைக்கப்படும். நட்டமான ஆட்டம் ஒன்று கூடுகிறது, லாபமான ஆட்டம் ஒன்று குறைகிறது. இந்த விளைவு மேசையில் எத்தனை கை என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் அசையும். ஆனால் அளவு 100 ரூபாய்க்குப் பைசாக்களில்தான். ஆறு கட்டு வைத்த பெட்டியில் கிட்டத்தட்ட மறைந்தே போகும்.

சீட்டெண்ணுகிறவர்கள் கதை தனி. எந்தச் சீட்டுகள் போய்விட்டன என்று கணக்கு வைத்தால் சாதகம் எப்போது ஆடுபவர் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என 1962-இல் கணித ஆசிரியர் எட்வர்ட் தோர்ப் விரிவாகக் காட்டினார். அவர்கள் காலி மேசையைத் தேடுவதற்குக் காரணம் அதே வேகம்தான். சாதகம் தங்கள் பக்கம் இருக்கும்போது மணிக்கு 200 ஆட்டம் லாபம். சாதகம் கேசினோ பக்கம் இருக்கும் மற்ற எல்லோருக்கும் அதே 200 ஆட்டம் நட்டம். சீட்டைத் தானே ஓயாமல் கலைக்கும் இயந்திரம் வைத்த மேசையில் எண்ணுவதும் செல்லாது.

காலி நாற்காலியை எண்ணுவதற்கு முன் மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு 3:2 என்றால் 500 ரூபாய்க்கு 750 கிடைக்கும். 6:5 என்றால் 600 மட்டும். பார்க்க 6:5 பெரிய எண் போலத் தெரியும், ஏமாறுவது அங்கேதான். டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து சமனாகும் ஆட்டங்களைக் கழித்தால், பணம் தரும் பிளாக்ஜாக் உங்களுக்கு வருவது சுமார் 4.5% ஆட்டங்களில், ஒவ்வொரு முறையும் 150 ரூபாய் குறைகிறது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 6 ரூபாய் 75 காசு. முன்பு 2 ரூபாய் 50 காசாக இருந்த இழப்பு 9 ரூபாயைத் தாண்டிவிட்டது. தனி மேசையில் மணிக்கு 500 என்றது 1,850 ஆகிறது. ஏஸை 11-ஆக எண்ணி வரும் 17-க்கு டீலர் இன்னொரு சீட்டு எடுப்பார் என்று எழுதியிருந்தால் மேலும் 0.2%. நிறைந்த 3:2 மேசையையும் காலியான 6:5 மேசையையும் ஒப்பிட்டால், காத்திருப்பதே சரி.

பணம் போடாமல் வீட்டு வராந்தாவிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு சீட்டுக்கட்டும் இரண்டு சிரட்டையும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும். ஒரு சிரட்டை முதல் நாற்காலிக்கு, ஒன்று ஏழாம் நாற்காலிக்கு. கட்டைக் கலைத்து மேலிருந்து முதல் சீட்டையும் ஏழாவது சீட்டையும் திறங்கள். 10 மதிப்புள்ளது எதில் வந்ததோ அந்தச் சிரட்டையில் ஒரு கொட்டை. சீட்டுகளைத் திருப்பி வைத்து மறுபடி கலையுங்கள். 52 முறை செய்தால் ஒவ்வொரு சிரட்டையிலும் 16 கொட்டை எதிர்பார்க்கலாம். 13-க்கும் 19-க்கும் இடையில் நின்றால் இயல்பு. 11 அல்லது 21 வந்தாலும் ஆச்சரியமில்லை, இன்னும் பலமுறை செய்யுங்கள், சதவீதக் கணக்கில் இரண்டு சிரட்டையும் நெருங்கி வரும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் கலைப்பதில்தான். நாம் வழக்கமாகச் செய்வது போலக் கட்டின் நடுவிலிருந்து கொத்தாக எடுத்து மேலே போடுவது போதாது. ரம்மி ஆடி முடித்த கட்டு என்றால் ராணி, ராஜா, ஜாக்கி வரிசையாக ஒட்டிக்கொண்டே வரும். ஒரு சிரட்டை காரணமில்லாமல் நிறையும். கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் கலக்குங்கள். அப்படி ஏழு முறை செய்தால் 52 சீட்டும் நன்றாகக் கலந்துவிடும் என்று 1992-இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் காட்டினார்கள். இந்த முறையில் கைப் பழக்கம் இல்லாவிட்டால், சீட்டுகளைத் தரையில் பரப்பிக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கையாலும் ஒரு நிமிடம் நன்றாகக் குழப்பிவிட்டுச் சேர்த்தெடுங்கள்.